கேள்வியில் இருக்கிறது குற்றம்

அமெரிக்க அரசு 2015-ல் எடுத்த ஒரு கணக்கு. வெள்ளையரில் நூற்றுக்கு 26.4 பேர் தொண்டு செய்தார்களாம், கறுப்பினத்தவரில் 19.3 பேர்தானாம். உடனே, ‘பார்த்தீர்களா, அவர்களுக்குப் பிறர்நலத்தில் அக்கறை இல்லை’ என்று பேச ஒரு கூட்டம் கிளம்பிவிடுகிறது. ஓர் இனத்தின் நெஞ்சில் ஈரம் இருக்கிறதா என்று 7 சதவீதத்தை வைத்துத் தீர்ப்பு எழுத இவர்கள் யார்? கேட்ட கேள்வியைப் பாருங்கள்: ஏதாவது ஓர் அமைப்பின் வழியாக, அமைப்புக்காகத் தொண்டு செய்தீர்களா? அமைப்பு! பக்கத்து வீட்டு நோயாளிக்குச் சாப்பாடு கொண்டுபோனால் கணக்கில் இல்லை. வேலைக்குப் போன தாயின் பிள்ளையை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டால் கணக்கில் இல்லை. அமைப்பு வேண்டும்!

1955 டிசம்பரில் அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரியில் கறுப்பின மக்கள் இனப் பாகுபாட்டை எதிர்த்துப் பேருந்துகளைப் புறக்கணித்தார்கள். 381 நாள்! ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்காரப் பெண்மணி சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு கோழி சாண்ட்விச்சும் கேக்கும் விற்றார். அந்தக் காசு, மக்களை வேலைக்கு ஏற்றிப்போன கார்களுக்கு பெட்ரோல் ஆயிற்று. அந்தக் குழுவுக்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் ‘ஊர்பேர் இல்லாத சங்கம்’. யார் கொடுத்தது என்று தெரிந்தால் வேலை போகும், குடியிருக்கும் வீடும் போகும். பெயரைச் சொன்னால் பிழைப்பு போய்விடும் என்று வாழ்ந்த மக்களிடம் போய்ப் பெயர்ப்பலகை கேட்கிறீர்களே! 1793-ல் பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோதும் கறுப்பின மக்கள் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள், பிணங்களைப் புதைத்தார்கள். அதன் பிறகு மேத்யூ கேரி என்ற பதிப்பாளர், அவர்களில் சிலர் அநியாயக் கூலி பறித்தார்கள், திருடினார்கள் என்று எழுதினார். கறுப்பினத் தலைவர்களான அப்சலோம் ஜோன்ஸும் ரிச்சர்ட் ஆலனும் 1794-ல் வரவு செலவுக் கணக்கோடு பதில் நூல் போட வேண்டி வந்தது. உயிரைப் பணயம் வைத்து உழைத்தவனையே கணக்குக் காட்டச் சொல்லும் இந்தக் கொடுமை அன்றே தொடங்கிவிட்டது.

‘தேவாலயத் தொண்டையும் சேர்த்துத்தானே எண்ணினார்கள்?’ என்பார்கள். சேர்த்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அதே கணக்கில் இன்னொரு வரி இருக்கிறது. தொண்டு செய்தவர்கள், பட்டம் பெற்றவர்களில் 38.8 சதவீதம், உயர்நிலைப் பள்ளியை முடிக்காதவர்களில் 8.1 சதவீதம். படிப்பில் 30 சதவீத இடைவெளி, இனத்தில் 7. எதை உரக்கச் சொல்கிறார்கள்? 7-ஐ! கறுப்பினக் குழந்தைகளுக்கு நல்ல பள்ளிக்கூடத்தின் கதவைத் தலைமுறை தலைமுறையாக அடைத்துவைத்தது யார் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். 2021 செப்டம்பரோடு முடிந்த ஓராண்டுக்கு அதே அரசு கணக்கெடுத்தது. அமைப்பு வழித் தொண்டு 23.2 சதவீதம். அக்கம்பக்கத்தாருக்கு உதவினீர்களா என்று கேட்டதற்கு, ஆம் என்றவர்கள் 51 சதவீதம்! நாடு அதே நாடு, மக்கள் அதே மக்கள், கேள்விதான் வேறு. ஆகவே, இனத்தையும் தொண்டையும் பற்றிக் கருத்துக் கேட்கப் படிவத்தோடு தெருவில் இறங்கும் தொண்டு நிறுவனங்களைக் கேட்டுக்கொள்கிறேன்: ‘போன மாதம் யாருக்கு என்ன உதவி செய்தீர்கள்?’ என்று முதலில் கேளுங்கள். அமைப்பின் பெயரை அப்புறம் கேட்கலாம்.