எழுதியதை ஆறவிடல்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எழுதுவோர் தம் எழுத்தை விட்டுச் சிலகாலம் விலகியிருத்தல் நன்று என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். "சோம்பலுக்கு இப்படியும் ஒரு பெயரா?" எனப் பெரியோர் சிலர் எண்ணக்கூடும். அந்த ஐயம் நியாயமானதே. ஆகவே, நம்மிற் பலர் பாடசாலையில் மனனஞ் செய்த ஒரு பாட்டைக் கொண்டே இதனை ஆராய்வோம்.

வேட்ஸ்வேத் என்னும் ஆங்கிலக் கவிஞர் 'டபோடில்' மலர்களைப் பாடிய பாட்டு அது. 1802 ஆம் ஆண்டு ஏப்பிரில் 15 ஆந் திகதி, வட இங்கிலாந்திலுள்ள அல்ஸ்வோட்டர் ஏரிக்கரை வழியே அவரும் தங்கை டொறதியும் நடந்து சென்றனர். காற்றோ கடுங்காற்று, திரும்பிவிடலாமோ என்றுகூட நினைத்தனராம். கரையோரத்தில் அம்மலர்கள் நெடுக வரிசையாய்ப் பூத்திருந்தன. சில மலர்கள் களைத்தவர்போலக் கல்லில் தலைசாய்த்திருந்தன என்றும், மற்றவை காற்றோடு ஆடிச் சிரித்தன என்றும் டொறதி தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். தமையனாரோ அன்று அப்பாட்டை எழுதவில்லை. ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்து, 1804 ஆம் ஆண்டளவிலேயே அது பிறந்தது.

இடையில் என்ன நடந்தது? கடுங்காற்று இளங்காற்றாயிற்று. உடன்சென்ற தங்கைக்குப் பாட்டில் இடமில்லை. கவிஞர் தன்னந்தனியே உலாவுகிறார். கல்லில் தலைசாய்த்த மலர்களையுங் காணோம். எஞ்சியது மகிழ்ச்சி ஒன்றே. அன்று மாலையே எழுதியிருப்பின் நனைந்த சப்பாத்தும் கால்வலியும் அதிற் புகுந்திருக்கும் என்பது நம் ஊகம். 1807 இல் அச்சேறியபோது அதில் 18 வரிகளே இருந்தன. 1815 இல் மீண்டும் வெளியிட்டபோது இன்னுமொரு செய்யுளைச் சேர்த்து 24 வரிகளாக்கினார். நாம் மனனஞ் செய்தது அவ்வடிவத்தையே.

சோம்பேறிகள் இதனை ஆதாரங் காட்டற்க. விலகியிருத்தற்கும் ஒரு முதல் வேண்டும். அம்முதலை வைத்தவர், நாட்குறிப்பு எழுதிய டொறதி. அவருக்குரிய புகழ் இன்னும் போதவில்லை என்றே நாம் கருதுகிறோம். ஒன்றும் எழுதாதவன் எதனை விட்டு விலகுவான்? அரைத்த மாவை இரவு வைத்தாற் புளிக்கும். அரையாத உழுந்து காலையிலும் உழுந்தே.

எழுதிய கையோடு படிக்கும்போது நாம் தாளைப் படிப்பதில்லை, மனத்திலுள்ளதையே படிக்கிறோம். விடுபட்ட சொல்லை மனமே நிரப்பிவிடும். சில வாரஞ் சென்றபின் எடுத்தால், அது பிறர் எழுத்துப்போலத் தோன்றும். "இதற்கு என்ன பொருள்?" என்று அப்பொழுதுதான் கேட்கத் துணிவு வரும்.

நம்போன்ற மாணவர்க்கு இஃது எளிதன்று. காரணம் பரீட்சை மண்டபம். மூன்று மணித்தியாலம் எழுதுகிறோம். மணி அடித்ததும் தாள் போய்விடும். மறுமுறை அதனைக் காண்பதில்லை. சிறுவயது முதல் அவ்வாறு பழகிய கை, கதையையுங் கவிதையையும் மணிக்கு அஞ்சியே எழுதுகிறது.

இதற்கு அளவும் உண்டு. அதே கவிஞர் தம் வாழ்க்கையைப் பாடிய நெடும்பாட்டை 1805 இல் எழுதி முடித்தும், 1850 இல் இறக்கும்வரை வெளியிடாது, இடையிடையே எடுத்துத் திருத்தினார். முந்திய வடிவமே சிறந்தது என்பார் இன்று பலர்.

நிற்க, மலர்க்குழுவினரிடம் ஒரு விண்ணப்பம். சங்க மலருக்கான கட்டுரைகள், அச்சகத்தார் ஆள் அனுப்பியபின் இரவிரவாக எழுதப்படுகின்றன. அடுத்த மலர் தொடக்கம் அவற்றை ஆறு வாரம் முந்தியே வாங்கி, ஒருவரும் வாசியாது பெட்டியிற் பூட்டிவைத்து, ஒரு மாதஞ் சென்றபின் எழுதியவரிடமே திருப்பிக் கொடுங்கள். பெட்டியையும் திறப்பையுந் தருவதற்குச் செயலாளர் இசைந்துள்ளார்.