மூடிய எல்லையும் முதியோர் நிலையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் மரபு. இவ்வாண்டு விசாவைப் பற்றியும் மருத்துவக் காப்பீட்டைப் பற்றியும் பேசுவது என்று முடிவாகியபோது, "இதில் என்ன சுவை?" என்று சிலர் கேட்டனர். சுவை இல்லைதான். ஆயினும், 2020ஆம் ஆண்டின் கோடையில் இவ்விரண்டையும் பற்றிக் கவலையோடு பேசாத இல்லம் நம்மிடையே அரிது.

ஐதராபாத்திலும் செகந்திராபாத்திலும் வாழும் தமிழராகிய நாம், வேலை தேடி ஊர்விட்டு வந்தோரின் வழித்தோன்றல்கள். முன்னோர் சிலர் இரயில்வேயில் பணிபுரிந்தனர். பின் வந்தோர் இராமச்சந்திராபுரத்து பி.எச்.இ.எல். நிறுவனத்திலும், இ.சி.ஐ.எல். நிறுவனத்திலும் உழைத்து ஓய்வு பெற்றனர். நம் மக்களோ கடல் கடந்து சென்றனர். ஆகவே நம் முதியோர் பலருக்கு இன்று இரண்டு ஊர்கள் அல்ல, இரண்டு நாடுகள். ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று ஓடிய அவ்வாழ்வின் நடுவே எல்லை மூடிக்கொண்டது. தொற்றைத் தடுக்க அரசுகள் எடுத்த முடிவைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அம்முடிவுகளின் வகைப்பாட்டில் ஓய்வு பெற்றோர் எங்கு நின்றனர் என்பதையே நோக்க விழைகின்றோம்.

முதலில் ஓ.சி.ஐ. அட்டையை எடுத்துக்கொள்வோம். 2005ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்பின் பரவலாக வழங்கப்பெற்ற இவ்வட்டையின் பெயரிலே 'குடிமகன்' என்ற சொல் இருக்கின்றது. பெயரை நம்பியவர் பலர். உண்மையில் அது குடியுரிமை அன்று. ஆயுள் முழுதும் எத்தனை முறையேனும் வந்துபோக உதவும் விசாவே அது. ஆகவே விசாக்களுக்கு நேர்ந்தது அதற்கும் நேர்ந்தது. 2020 மார்ச்சு 11 அன்று அறிவித்து, 13ஆம் நாள் முதல் அவ்வட்டையினர் விசாவின்றி வரும் சலுகையை இந்திய அரசு நிறுத்திவைத்தது. அம்மாத 22ஆம் நாளிலிருந்து அயல்நாட்டுப் பயணியர் விமானங்களும் நின்றன.

மேற்கு மாரேட்பள்ளியில் சொந்த வீடுடைய ஓர் அம்மையாரை எண்ணிப் பாருங்கள். கணவரை இழந்தவர், நெடுங்காலம் அமெரிக்காவில் வாழ்ந்து, அந்நாட்டுக் குடியுரிமை பெற்று, முதுமையை நம் நகரில் கழிக்கத் திரும்பியவர். பேத்தியைப் பார்க்கப் பிப்ரவரியில் சென்றார். வீட்டுச் சாவி கைப்பையில். உண்ணும் மாத்திரையோ நம் நகரத்து மருத்துவர் எழுதித் தந்தது. மே 7 முதல் 'வந்தே பாரத்' விமானங்கள் பறக்கத் தொடங்கின. அவை முதலில் இந்தியக் கடவுச்சீட்டு உடையோருக்கே. மே 22 அன்று ஓ.சி.ஐ. அட்டையினருள் நான்கு வகையினருக்கு வழி திறந்தது: இந்தியப் பெற்றோரின் சிறு குழந்தைகள், இந்தியாவில் பெற்றோரை உடைய பல்கலைக்கழக மாணவர், இந்தியரை மணந்து இங்கு நிலையாக இல்லம் உடையோர், குடும்பத்தில் இறப்புப் போன்ற நெருக்கடி நேர்ந்தோர். நம் அம்மையார் இந்நான்கில் எதிலும் சேரவில்லை. துக்க வீட்டுக்கு வரலாம். தம் வீட்டுக்கு வர இயலாது! ஆகஸ்டில்தான் அமெரிக்கா முதலிய சில நாடுகளின் அட்டையினருக்குத் தனி விமான உடன்பாட்டின் வழியே வாயில் திறந்தது. ஏனைய நாடுகளில் வாழ்ந்தோர் அக்டோபர் 22 வரை காத்திருந்தனர்.

அம்மாதங்களில் அவர் நோயுற்றிருந்தால் யார் செலவு? அமெரிக்க முதியோர்க்குரிய மெடிகேர் திட்டம், மிகச் சில விலக்குகள் நீங்கலாக, அந்நாட்டுக்கு வெளியே நடைபெறும் மருத்துவத்துக்குப் பணம் தருவதில்லை. பயனில்லாததற்கு மாதந்தோறும் எதற்குக் கட்டுவது என்று, இங்குத் திரும்பியோருள் சிலர் மருத்துவர் கட்டணத்துக்குரிய அதன் 'பி' பகுதியை விட்டுவிடுகின்றனர். மீண்டும் சேர விரும்பினால் பொதுவாக ஜனவரி முதல் மார்ச்சு வரையே வாயில் உண்டு; அந்நாளில் அவ்வாறு சேர்ந்தோர்க்கு ஜூலை முதல் நாளே பாதுகாப்புத் தொடங்கிற்று. விட்டிருந்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் தவணையில் 10 விழுக்காடு தண்டம் வேறு. ஐதராபாத்தில் எடுத்த காப்பீடோ பெரும்பாலும் இந்திய மருத்துவமனைகளோடு நின்றுவிடும். இரு கரையிலும் கட்டணம் செலுத்தியவரும் ஆற்றின் நடுவே தோணியின்றி நின்றார்.

மக்களைக் காண விசிட் விசாவில் சென்ற இந்தியக் குடிமக்கள் நிலை வேறு. அவர்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது ஆறு மாதம். கடவுச்சீட்டில் ஒட்டிய விசாவின் கடைசி நாளையே தங்கும் நாள் என்று எண்ணியவர் உண்டு. கணக்கு அதுவன்று, ஐ-94 பதிவில் உள்ள நாளே கணக்கு. அந்நாள் கடக்குமுன் ஐ-539 விண்ணப்பம் அனுப்ப வேண்டும். பயணக் காப்பீட்டுக்கோ வேறொரு கடைசி நாள். அதையும் முடியுமுன்னரே நீட்டிக்க வேண்டும். முன்பே உள்ள நோய்களுக்கு அதில் இடம் மிகக் குறைவு.

கிரீன் கார்டு பெற்று இங்கு வந்து அகப்பட்டோரின் அச்சம் இன்னொன்று. ஓராண்டுக்குமேல் வெளியே இருந்தால் அவ்வட்டை மட்டும் காட்டி உள்ளே செல்ல இயலாது. மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது அமெரிக்காவிலேயே இருத்தல் வேண்டும் என்பது விதி. எல்லை மூடுவதை முன்னறிந்து யார்தான் விண்ணப்பித்திருப்பார்?

இடையே ஒன்று சொல்லிச் செல்கின்றோம். ஓய்வூதியர் உயிரோடிருப்பதாக நவம்பர்தோறும் சான்று தரவேண்டும் அல்லவா? 2020இல் மத்திய அரசு ஓய்வூதியர்க்கு அக்காலத்தை முதலில் டிசம்பர் வரையிலும், பின்னர் 2021 பிப்ரவரி 28 வரையிலும் நீட்டித்தனர். அயல்நாட்டில் அடைபட்டிருந்த முதியவர்க்கு அது பேருதவி. அவ்வாண்டில் உயிரோடிருந்தமைக்குச் சான்று கேட்டது பொருத்தமே என்று நம் நண்பர் ஒருவர் நகைத்தார்.

இனி நம் நகரத்துக்கு வருவோம். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இங்கே நானக்ராம்குடாவில் அமைந்துள்ளது. அவ்வாணையத்தின் ஆணைப்படி 2020 ஏப்ரலில் 'ஆரோக்கிய சஞ்சீவனி'யும், ஜூலை 10 முதல் 'கொரோனா கவச்'சும் வந்தன. பின்னது 50,000 ரூபாய் முதல் 5 இலட்சம் வரை. மூன்றரை, ஆறரை, ஒன்பதரை மாதங்களுக்கு எடுக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டிலும் புதிதாகச் சேர்வோர்க்கு வயது வரம்பு 65! கொடுந்தொற்று யாரை மிகுதியாக வாட்டியதோ அவர்களே வாயிற்படிக்கு வெளியே நின்றனர். அறுபத்தெட்டு வயதில் அயல்நாட்டிலிருந்து திரும்பியவர் கையில் பணம் வைத்துக்கொண்டும் அக்கவசத்தை வாங்க இயலவில்லை.

அந்நிலை இன்று மாறிவிட்டது. 2024 ஏப்ரல் முதல் 65 என்னும் அவ்வரம்பு நீங்கிற்று. முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்பு உச்சமாக நான்கு ஆண்டு என்றிருந்தது மூன்றாயிற்று. 2025 ஜனவரியில், அறுபது கடந்தோரின் தவணையை ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்குமேல் ஆணையத்தைக் கலவாமல் உயர்த்தலாகாது என்று ஆணை பிறந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டின்மேல் சரக்கு சேவை வரியும் இல்லை. எனினும் முதியோர்க்குரிய தவணை இன்றும் கனமானதே. எந்த நிறுவனமும் யாவரையும் மறுப்பின்றிச் சேர்த்துக்கொள்ளும் என்றும் கருதிவிட வேண்டா. அந்த மூன்றாண்டுக் காத்திருப்பு, காப்பீடு எடுத்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். நலமாயிருக்கும்போது எடுத்தவர்க்கே அது விரைவில் தீரும். அமெரிக்காவில் இருக்கும் மகன் பார்த்துக்கொள்வான் என்று இதைத் தள்ளிப்போடும் பெற்றோர் நம் குடியிருப்பில் இன்னும் இருக்கின்றனர். மகன் விரும்பினும் வர இயலாத காலம் ஒன்றை நாம் கண்டுவிட்டோம்.

ஓ.சி.ஐ. அட்டையிலும் 2021இல் சில எளிமைகள் வந்தன. பழைய கடவுச்சீட்டையும் உடன் சுமந்து செல்லவேண்டும் என்னும் விதி நீங்கியது. ஐம்பது வயது கடந்தபின் அட்டையையே புதுப்பிக்க வேண்டும் என்பதும் போயிற்று. புதிய கடவுச்சீட்டு பெற்ற மூன்று மாதத்துக்குள் அதன் படியையும் அண்மைய நிழற்படத்தையும் இணையத்தில் ஏற்றினால் போதும், கட்டணமில்லை. ஐம்பதுக்குப்பின் இதை ஒருமுறை செய்தல் வேண்டும்.

கடவுச்சீட்டு, ஐ-94 பதிவு, காப்பீட்டுப் பத்திரம் மூன்றையும் கொண்டு வருமாறு அழைப்பிதழிலேயே கேட்டிருந்தோம். கொண்டு வந்திருப்போர் சிற்றுண்டிக்குப்பின் மேடையின் இடப்புற மேசைக்கு வாருங்கள். முடிவு நாள்களை ஒரே தாளில் குறித்துத் தர நம் இளைஞர் இருவர் அங்குக் காத்திருப்பர்.