கடைசித் திரையில் தெரியும் விலை



அமெரிக்காவில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய ஏப்ரல் 15 கடைசி நாள். ஜனவரி பிறந்ததுமே வரி மென்பொருள் விளம்பரங்கள் தொலைக்காட்சியை நிறைத்துவிடும். இன்டியுட் நிறுவனத்தின் 'டர்போடாக்ஸ்' ஒரு காலத்தில் விட்ட விளம்பரங்களில் 'இலவசம், இலவசம்' என்பதைத் தவிர வேறு வசனமே அநேகமாகக் கிடையாது.

நம்பி உட்காருகிறவர் முகவரியைத் தட்டுகிறார். சமூகப் பாதுகாப்பு எண், பிள்ளைகளின் பெயர்கள், சம்பளச் சான்றான டபிள்யூ-2 படிவத்தின் ஒவ்வொரு கட்டம் என்று எல்லாவற்றையும் நிரப்புகிறார். பகுதிநேரமாக டாக்சி ஓட்டிய வருமானத்தைச் சேர்த்ததும் திரை மாறுகிறது: இதற்குக் கட்டணப் பதிப்புதான் வேண்டும். அத்தனையும் நிரப்பிய பிறகு வேறு இடத்தில் முதலிலிருந்து தொடங்க யாருக்கு மனம் வரும்? பணத்தைக் கட்டிவிடுகிறார்கள்.

2020-ல் வரி செலுத்துவோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அந்த இலவசப் பதிப்புக்குத் தகுதியே இல்லாதவர்கள் என்று 2022 மார்ச்சில் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் புகார் தொடுத்தது. இதே விவகாரத்தில் அதே ஆண்டு மே மாதம் 50 மாநிலங்களோடும் இன்டியுட் சமரசம் செய்துகொண்டது. பணம் கட்டிய சுமார் 44 லட்சம் பேருக்காக 14.1 கோடி டாலர் கொடுக்க ஒத்துக்கொண்டது. தவறு செய்ததாக மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. பெரும்பாலானவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது, பணம் கட்டிய ஒவ்வோர் ஆண்டுக்கும் சுமார் 30 டாலர்.

இதன் வேர் 2002-ல் இருக்கிறது. குறைந்த வருமானக்காரர்களுக்கு இலவசமாகச் சேவை தருகிறோம், அரசு சொந்தமாக மென்பொருள் நடத்த வேண்டாம் என்று நிறுவனங்கள் வரித்துறையான ஐஆர்எஸ்ஸோடு உடன்படிக்கை செய்துகொண்டன. 'ஃப்ரீ ஃபைல்' அப்படிப் பிறந்தது. ஆனால் அதற்கான தன் பக்கத்தை இன்டியுட் கூகுள் தேடலில் அகப்படாதபடி மறைத்து வைத்திருந்ததை 2019-ல் 'புரோபப்ளிகா' செய்தி நிறுவனம் அம்பலப்படுத்தியது. ஏழை உழைப்பாளிக்குச் சேர வேண்டிய சலுகையை அவர் கண்ணில் படாமல் வைப்பதை வியாபாரத் திறமை என்று ஏற்க முடியாது. அரசே தொடங்கிய இலவசச் சேவையான 'டைரக்ட் ஃபைல்' 2024-ல் 12 மாநிலங்களிலும், அடுத்த ஆண்டு 25 மாநிலங்களிலும் ஓடி, அத்தோடு நிறுத்தப்பட்டது.

அப்படியென்றால் மலிவான வழி எது? விளம்பரத்தைத் தொடாமல் ஐஆர்எஸ் தளத்துக்கே நேராகப் போய், அங்கிருந்து ஃப்ரீ ஃபைலுக்குள் நுழைவது. 2025 பருவத்தில் 84,000 டாலர் வரை வருமானம் உள்ளவர்களுக்கு அந்தக் கதவு திறந்திருந்தது. அதற்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு 'ஃப்ரீடாக்ஸ்யூஎஸ்ஏ' போன்றவை இருக்கின்றன. மத்திய வரிக்கணக்குக்குக் கட்டணம் இல்லை, மாநிலக் கணக்குக்கு மட்டும் சிறு தொகை. டர்போடாக்ஸ்தான் வேண்டும் என்பவர்கள் கணினியில் நிறுவும் பதிப்பைப் பார்க்கலாம். அதில் ஐந்து மத்தியக் கணக்குகளை மின்வழியில் அனுப்பலாம், பெற்றோர், பிள்ளைகள் கணக்கும் அதிலேயே முடியும். மாநிலக் கணக்கை அனுப்பத் தனிக் கட்டணம் உண்டு என்பதையும் கவனிக்க வேண்டும். இன்னொன்று: மென்பொருள் கட்டணத்தை ரீஃபண்டிலிருந்து கழித்துக்கொள்ளச் சொன்னால், அந்த வசதிக்கென்றே மேலும் ஒரு கட்டணம் விழும். அட்டையில் கட்டிவிடுவதே மேல்.

வரவு செலவு மென்பொருளிலும் விலையை மட்டும் பார்த்தால் போதாது. இலவசமாக இருந்த 'மின்ட்' செயலியை 2009-ல் வாங்கிய இன்டியுட், 2024-ல் அதை மூடிவிட்டது. ஒரு காலத்தில் பெட்டியில் வாங்கிவந்த 'குவிக்கன்' இன்று ஆண்டுச் சந்தாவில் ஓடுகிறது. சந்தா வேண்டாம் என்பவர்களுக்கு 'நூகேஷ்' என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. பழகக் கொஞ்ச நாள் பிடித்தாலும் கணக்கு நம் கணினியிலேயே இருக்கும்.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் நேயர்கள் இரண்டு விஷயங்களை அவர்களிடம் சொல்லிவையுங்கள். எஃப்-1 விசாவில் படிக்கும் மாணவர்கள் பெரும்பாலும் குடியிராதவர்களுக்கான 1040-என்ஆர் படிவத்தில் கணக்குக் காட்ட வேண்டியவர்கள். டர்போடாக்ஸ் அதைக் கையாள்வதில்லை, 'ஸ்பிரின்டாக்ஸ்' கையாளும். வரிச் சட்டப்படி அங்கே குடியிருப்பவராகக் கருதப்படுபவருக்கு, இந்தியாவில் உள்ள என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியர்) வங்கிக் கணக்கின் வட்டிக்கும் அமெரிக்க வரி உண்டு. வெளிநாட்டுக் கணக்குகளில் உள்ள தொகை எல்லாம் சேர்ந்து ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் 'எஃப்பார்' அறிக்கையையும் கொடுக்க வேண்டும். அது வரிக்கணக்கோடு போகாது. அமெரிக்கக் கருவூலத் துறையின் பிரிவான ஃபின்சென்னின் தளத்தில் தனியாகத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது.