கைப்பேசியும் எட்டு மணி நேரமும்

(தாம்பரத்தில் நடந்த தொழிற்சங்க வகுப்பில் ஆற்றிய உரை)

மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் வந்த பிறகு உற்பத்தித் திறன் உயர்ந்துவிட்டது என்று நிர்வாகங்கள் கூறுகின்றன. இதில் உண்மை இல்லாமல் இல்லை. தந்தி கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த காலம் போய்விட்டது. 2013 ஜூலையில் தந்திச் சேவையையே மூடிவிட்டார்கள். நாம் இயந்திரத்துக்கு எதிரிகளல்ல. மிச்சமாகும் நேரம் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதே நமது கேள்வி.

சானடோரியம் ஏற்றுமதி வளாகத்திலிருந்தும், பெருங்குடி, சோழிங்கநல்லூர் கம்ப்யூட்டர் கம்பெனிகளிலிருந்தும் வரும் தோழர்கள் நம்மிடம் சொல்வதென்ன? மாலையில் வேலை முடிகிறது. தாம்பரத்தில் இறங்கிக் காய்கறி வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேருவதற்குள் குழுவில் பத்துச் செய்திகள். நீலக் குறி விழுந்துவிட்டால், பார்த்தும் பதில் போடவில்லை என்ற கெட்ட பெயர் வேறு. பெண் தோழர்கள் அடுப்படியில் நின்றுகொண்டே பதில் போடுகிறார்கள். ராத்திரி பத்தரைக்கு அமெரிக்க வாடிக்கையாளரோடு பேச்சு. வருகைப் பதிவேட்டில் இதற்கெல்லாம் ஒரு வரிகூடக் கிடையாது.

இங்கேதான் நிர்வாகத்தின் கணக்கு இருக்கிறது. ஏட்டில் எட்டு மணி. உழைத்ததோ பதினோரு மணி. பதினோரு மணி நேர உற்பத்தியை எட்டால் வகுத்தால் திறன் உயரத்தானே செய்யும்!

வேலை நேரத்துக்குள்ளும் சங்கதி இப்படித்தான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க்கும் அவருடன் சேர்ந்தவர்களும் 2008ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அடிக்கடி குறுக்கிடப்பட்டவர்கள் வேலையைச் சீக்கிரமே முடித்தார்கள். ஆனால் மன அழுத்தமும் எரிச்சலும் அவர்களுக்கு அதிகமாயின. வேகம் முதலாளிக்கு, தலைவலி தொழிலாளிக்கு.

1923 மே தினத்தைச் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் கொண்டாடினார். அதற்கு முன்னும் பின்னும் நடந்த போராட்டங்களின் விளைவாக, 1948ன் தொழிற்சாலைச் சட்டம் வாரம் 48 மணி என்று வரம்பு கட்டி, மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி விதித்தது. 2023 ஏப்ரல் 21ல் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நமது சட்டமன்றத்தில் நிறைவேறியது. சங்கங்கள் திரண்டெழுந்தன, மே தினத்தன்று அது வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். வாசல் வழியே வர முடியாத அந்தப் பன்னிரண்டு மணி, இன்று கைப்பேசி வழியே வீட்டுக்குள் வருகிறது.

பிரான்சில் 2017 ஜனவரி முதல், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பற்றி நிர்வாகம் சங்கத்தோடு பேசியாக வேண்டும். (அதே சட்டத்தின் மற்றப் பகுதிகள் தொழிலாளர் பாதுகாப்பைத் தளர்த்தின, 2016ல் அங்கே பெரும் வேலைநிறுத்தங்கள் நடந்தன என்பதையும் மறக்கலாகாது.) நமது மக்களவையிலும் 2018 டிசம்பரில் இப்படியொரு தனிநபர் மசோதா அறிமுகமாயிற்று, சட்டமாகவில்லை.

ஆகவே தோழர்களே, சட்டம் வரும்வரை காத்திராமல் வேலையைத் தொடங்குவோம். வேலை முடிந்தபின் வந்த செய்திகளையும், பேசிய நிமிஷங்களையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு மாதம் எழுதினால் போதும். அடுத்த வகுப்புக்கு அந்த நோட்டுகளோடு வாருங்கள். மிகைநேரக் கோரிக்கை மனுவை அவற்றை வைத்துத்தான் தயாரிக்கப் போகிறோம்.