எந்த உத்தரவின் பேரில்?

ஆவூர்ப் பக்கமிருந்து திருச்சிக்குப் பஸ் ஏறுகிறவர்களுக்கு மத்திய சிறையின் மதில் புதிதல்ல. புதுக்கோட்டைச் சாலையில், விமான நிலையத்தைத் தாண்டியதும் வரும். அதற்குள் ஊர்ப் பையன் ஒருவன் குண்டர் சட்டத்தில் அடைபட்டான் என்று வையுங்கள். "மதுரைக்குப் போய் ஹேபியஸ் கார்பஸ் போடுங்க" என்று யாராவது சொல்வார்கள். சரியான யோசனைதான். 2004இல் தொடங்கிய உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் எல்லைக்குள் ஆவூர் அடங்கிய புதுக்கோட்டை மாவட்டம் இருக்கிறது.

ஆனால் அந்த ஆட்கொணர்வு மனு எதுவரை போகும் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. பையன் குற்றம் செய்தானா என்று அங்கே விசாரிக்க மாட்டார்கள். எந்த உத்தரவின் பேரில் அடைத்திருக்கிறீர்கள், அது சட்டப்படி செல்லுமா என்று மட்டும் பார்ப்பார்கள். குண்டர் சட்டம் 1982இல் வந்தது. கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ கையெழுத்திட்டால், வழக்கு விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும். மூன்று வாரத்துக்குள் அறிவுரைக் கழகத்தின் முன் வைக்க வேண்டும். ஆவணங்களைக் கைதிக்குப் புரிகிற மொழியில் கொடுக்க வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பு தரவில்லை, கைதியின் முறையீட்டைக் காரணமின்றித் தாமதித்தார்கள் என்றெல்லாம் ரத்தான உத்தரவுகள் ஏராளம். 2011இல் ரேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது: சாதாரணச் சட்டமே போதும் என்னும்போது தடுப்புக் காவல் கூடாது என்றது. ஆனால் மனு விசாரணைக்கு வருவதற்குள் பல மாதங்கள் ஓடிவிடுவதுண்டு. காவலில் பாதி கழிந்தபின் வரும் விடுதலையை முழு நீதி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

குண்டர் சட்டம் இல்லாமல் சாதாரண வழக்கில் கைதானவரை மாஜிஸ்திரேட் முறைப்படி ரிமாண்ட் செய்துவிட்டால் பொதுவாக இந்த வழி அடைபடும். 2023இல் அமைச்சராக இருந்த செந்தில்பாலாஜிக்காகப் போட்ட ஆட்கொணர்வு மனுவில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. அதன்பின் ஜாமீன்தான் வழி.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற நளினியின் வழக்கு இதைவிடக் கனமானது. 2018 செப்டம்பரில் அந்த வழக்கின் ஏழு பேரையும் விடுவிக்கத் தமிழக அமைச்சரவை பரிந்துரைத்தது. ஆளுநர் முடிவெடுக்கவில்லை. அதற்குமேல் தன்னை அடைத்து வைப்பது சட்டவிரோதம் என்று நளினி ஆட்கொணர்வு மனு போட்டார். ஆயுள் தண்டனை உத்தரவு உயிரோடு இருக்கும்போது காவல் சட்டவிரோதமாகாது என்பதால் 2020 மார்ச்சில் மனு தள்ளுபடியானது. 2022 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம்தான் விடுவித்தது.

அன்று சேர்ந்து விடுதலையான சாந்தன் இலங்கைக்காரர். வெளிநாட்டவர் சட்டத்தின் பேரில், இதே திருச்சி மத்திய சிறை வளாகத்திலுள்ள சிறப்பு முகாமுக்குக் கொண்டுவந்தார்கள். அரசின் கணக்கில் அவர் கைதி இல்லை. ஆனாலும் வெளியே போக முடியாது. ஊர் திரும்பும் ஏற்பாடு நடந்துகொண்டிருக்கையில், 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் இறந்துபோனார். விடுதலை என்று தீர்ப்பு வந்தபின் ஒரு மனிதரை ஓராண்டுக்கு மேல் அப்படி வைத்திருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

அடைபட்டவரின் குரல் நீதிமன்றத்துக்குப் போகப் பெரிய வக்கீல்தான் வேண்டும் என்பதில்லை. திகார் சிறையிலிருந்து சுனில் பத்ரா எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, சக கைதிக்கு நடந்த சித்திரவதையை நீதிபதி கிருஷ்ணய்யர் விசாரித்தார். 1979 டிசம்பர் தீர்ப்பு அது. 1987ஆம் ஆண்டின் சட்ட உதவிச் சட்டப்படி, காவலில் இருப்பவருக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. இதற்கு வருமானச் சான்று தேவையில்லை. 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். அழைக்கும்முன் காவல் உத்தரவின் நகலைத் தேடி எடுங்கள். அது கைதியின் கைக்கு வந்த தேதியையும், தமிழில் தராமல் விட்ட பக்கங்களையும் குறித்து வையுங்கள். வழக்கறிஞர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.