தூண்டிலோடு கண்ணையும் போடுங்கள்

(வானொலி உழவர் உரை)



நடவு முடிந்து களையும் எடுத்தாச்சுன்னா, நம்மில் பலபேர் தூண்டிலை எடுத்துக்கிட்டுக் குளத்தங்கரைக்குப் போயிடுவோம். "வேலையத்த வேலை" என்று வீட்டிலே முணுமுணுப்பார்கள். தக்கையை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவர்கள் சொல்வது சரிதான். குளத்தையும் சேர்த்துப் பார்த்தோமானால், அந்த ஒரு மணி நேரம் வயலுக்கே உதவும்.

நீலகிரியில் அவலாஞ்சி என்ற இடத்தில் 1907-ல் டிரவுட் மீன் பொரிப்பகம் ஏற்படுத்தினார்கள். அந்த மீனைப் பிடிக்கப் புழு வேண்டாம். கொக்கியில் இறகைக் கட்டிப் பூச்சி மாதிரி செய்து தண்ணீர் மேலே வீசுவார்கள். அதனால் அவர்களுக்கு முதல் வேலை, இன்றைக்குத் தண்ணீர் மேலே எந்தப் பூச்சி பறக்குது, மீன் எதைத் தின்னுது என்று கவனிப்பதுதான். பார்த்துவிட்டுத்தான் வீச்சு. அந்தப் பழக்கம் நமக்கும் வேணும்.

நான் தூண்டில் போடுவது நாகூர்ப் பக்கம். வெட்டாறு கடலில் விழுகிற கடைமடைப் பகுதி. இங்கே ஒரு குளத்துத் தண்ணீர் இந்த வருஷம் நல்லதாக இருக்கும், அடுத்த கோடையில் உப்பேறிவிடும். அதைச் செடியே சொல்லிவிடும். அல்லி, கொட்டி, ஆரைக்கீரை, வள்ளைக்கீரை எல்லாம் தழைத்திருந்தால் நல்ல தண்ணீர். அல்லி இலை கருகி, கரையிலே உமரி பரவ ஆரம்பித்தால் உப்பு ஏறுகிறது என்று அர்த்தம். மீனும் சொல்லும். மடவையும் கொடுவாவும் சிக்குகிறதா? அப்படியானால் அந்தக் குளத்துக்கு ஏதோ ஒரு வாய்க்கால் வழியாகக் கடல் தண்ணீர் உறவு இருக்கிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வருஷம் ஆற்றுத் தண்ணீர் கடைமடைக்கு வரத் தாமதம். பக்கத்து நிலத்துக்காரர் சம்பா நாற்றங்காலுக்கு இஞ்சின் வைத்துக் குளத்துத் தண்ணீரை இறைத்தார். அதற்கு முந்தின வாரம்தான் அதே குளத்தில் என் தூண்டிலில் ஒரு சின்னக் கொடுவா சிக்கியது. நான் குழம்பு வைத்துச் சாப்பிட்டேனே தவிர, இது எப்படி இங்கே வந்தது என்று யோசிக்கவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. பத்து நாளில் நாற்று நுனி வெளுத்துக் காய்ந்துபோச்சு. மறுபடி விதை விட்டார். இன்றைக்கும் அவர் எதிரே வந்தால் எனக்கு மனசு உறுத்தும். இளம் நாற்று உப்பைத் தாங்காது ஐயா. சந்தேகம் வந்தால் ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள். அப்புறம் இறைக்கலாம்.

அடுத்தது, விடியற்காலையில் பாருங்கள். கெண்டை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், "ஆகா, மீன் துள்ளுது" என்று சந்தோஷப்பட வேண்டாம். அது மூச்சுத் திணறல். பாசியும் செடியும் பகலில் தண்ணீருக்குப் பிராணவாயு தரும். ராத்திரியில் அவையும் அதையே எடுத்துக்கொள்ளும். அதனால் விடியும் நேரத்தில்தான் பஞ்சம் அதிகம். வெங்காயத்தாமரை குளத்தை மூடிவிட்டால் வெளிச்சமும் காற்றும் உள்ளே போகாது. பூக்கும் முன்னே கூட்டாக இறங்கி வாரிக் கரையேற்றி, சாணத்தோடு சேர்த்து மக்கவையுங்கள், எருவாகும்.

விரால், தேளி, பனையேறிக் கெண்டை இவற்றுக்கு அந்தக் கஷ்டம் குறைவு. மேலே வந்து காற்றையே சுவாசிக்கும். 1791-ல் தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ்காரப் படை அதிகாரி, குளத்தோரப் பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். அது 1797-ல் லண்டனில் அச்சாயிற்று. மரம் ஏறுதோ இல்லையோ, மழை ராத்திரியில் செவுள் மூடியை ஊன்றி ஊன்றித் தரையில் ஊர்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். நம்மில் பலபேர் வரப்பிலே பார்த்ததுதான்.

மழைக்காலத்தில் இன்னொன்று கவனியுங்கள். தண்ணீர் மேலே செந்நிறமாக ஒரு பொட்டுக் கூட்டம் கொதிக்கிற மாதிரி நகரும். அது விரால் பார்ப்பு. அதற்குக் கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அந்த நேரத்தில் தவளையைக் கோத்துப் போட்டால் லேசாகப் பிடித்துவிடலாம். ஆனால் காவல் போனால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும். ஒரு நாள் குழம்புக்காக ஒரு வருஷத்து விராலை இழக்கலாமா? பார்ப்பு தெரிந்தால் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள்.

கடைசியாக, தட்டான். அதன் குஞ்சு தண்ணீருக்குள்தான் வளரும். பெரிசான பிறகு வயலில் பறந்து பூச்சியைப் பிடித்துத் தின்னும். குளத்தில் தட்டானே இல்லை என்றால், மருந்துத் தண்ணீர் வந்து சேருகிறதா என்று பாருங்கள். எண்டோசல்ஃபானை 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. ஆனால் இன்றைக்குக் கடையில் கிடைக்கும் சைபர்மெத்ரின் போன்ற மருந்தும் மீனுக்குக் கொடிய விஷம்தான். தெளித்த கையோடு வயல் தண்ணீரை வடிகாலில் திறக்காதீர்கள். தெளிப்பானைக் குளத்தில் கழுவாதீர்கள்.

மீன் வளர்ப்பு பற்றி மேலும் கேட்க வேண்டுமானால், நாகப்பட்டினத்தில் 2012-ல் தொடங்கிய மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. போய்க் கேளுங்கள்.

நாளைக் காலையில் தூண்டிலோடு போகும்போது, கரையைச் சுற்றி ஒரு நடை நடந்து, என்ன செடி, என்ன மீன், என்ன பூச்சி என்று பார்த்து வையுங்கள். பார்த்ததை என்னைப்போல் மனசுக்குள் வைத்துக்கொள்ளாமல், பக்கத்து நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.