பொது மண்டபம் யாருக்கு?

(ஆலை வாயில் கூட்டத்தில் பேசியது)

தோழர்களே! சென்னை சென்ட்ரல் ரயிலடிக்கு அருகே, ரிப்பன் கட்டிடத்துக்குப் பக்கத்தில் செக்கச்செவேலென்று நிற்கிறதே, அதுதான் விக்டோரியா பொது மண்டபம். 1883-ல் அடிக்கல் நாட்டியவர் விஜயநகரம் மகாராஜா. கட்டியவர் நம்பெருமாள் செட்டி. பம்மல் சம்பந்த முதலியார் நாடகம் போட்ட இடம். பிறகு நெடுங்காலம் பூட்டிக் கிடந்து பாழடைந்தது. மாநகராட்சி 32 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கிப் புதுப்பிக்கும் வேலையில் இறங்கியது. நல்ல காரியம்தான், நாம் குறை சொல்லவில்லை.

ஆனால், அன்று பிரமுகர்களின் டிரஸ்டுக்கு நகரசபை 57 கிரவுண்டு நிலத்தை எப்படித் தூக்கிக் கொடுத்தது தெரியுமா? கிரவுண்டுக்கு 8 அணா! 99 வருஷக் குத்தகை! சீமான்களுக்கு அவ்வளவு தாராளம். ஆலைத் தொழிலாளி சங்கக் கூட்டம் நடத்தக் கேட்டால் மட்டும் கல்யாண மண்டப வாடகையா? கோட்டைக்கு ஊர்வலம் வரும் விவசாயத் தொழிலாளி வெளியே நின்று கோபுரத்தைப் பார்த்துவிட்டுப் போவதா? தொழிற்சங்கத்துக்கும் நாடகக் குழுவுக்கும் குறைந்த வாடகை என்று மாநகராட்சி விதியிலேயே எழுத வேண்டும். மனு மேஜைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு ஷிப்டுக்குப் போங்கள்.